ஏழு ஆண்டுகள் ஒரே பெஞ்சில்: காலித் ஜமீலின் பாதையும் கொங்கு நாட்டு மைதானங்களும்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இருபத்தைந்து வயதுக்குள் கால்பந்தை விட்டுவிடுகிற இளைஞர்கள் நிறைய. சிலருக்கு முழங்கால் போய்விடுகிறது. சிலருக்கு பம்ப்செட் கம்பெனியிலோ பனியன் கம்பெனியிலோ ஷிப்ட் வேலை கிடைத்துவிடுகிறது. வீட்டில் பொண்ணு பார்க்கத் தொடங்கினால், மாலை நேரப் பயிற்சிதான் முதலில் நிற்கும். ஆனாலும் இவர்களில் ஒரு பகுதியினர் மைதானத்தை விட்டுப் போக மனமில்லாமல் பயிற்சியாளராக விரும்புகிறார்கள். "சார், டி லைசென்ஸ் எடுத்தால் வேலை கிடைக்குமா?" என்பதே அவர்கள் கேட்கிற முதல் கேள்வி. அதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்வது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். வீரராக இருந்து பயிற்சியாளராக மாறிய ஒருவரின் பாதையை அடி அடியாகப் பார்த்துவிட்டு, அதில் எது நம் ஊருக்குப் பொருந்தும் என்று யோசிப்பதுதான் சரி. அதற்கு நான் எடுத்துக்கொள்வது, 2025-இல் இந்தியக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளரான காலித் ஜமீலின் பாதையை.

காலித் 1977-இல் குவைத்தில் பிறந்தவர். நடுகள வீரர். மகிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா ஆகிய மும்பை அணிகளுக்கும் இந்திய அணிக்கும் ஆடினார். காயங்கள் அவரை விடவில்லை. கடைசியாக இருந்த மும்பை எஃப்.சி.யில் 2009-இல் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு, அதே கிளப்பின் பயிற்சியாளரானார். அப்போது வயது 32. நேற்றுவரை பக்கத்து அலமாரியில் ஷூ வைத்திருந்தவர்களை மறுநாள் ஆட விடுவதா, உட்கார வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய நிலை. ஓய்வு பெற்றவுடன் பொறுப்பேற்கிற எல்லோருக்கும் இதுதான் முதல் சோதனை. நம் ஊரிலும் பலர் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். கூட ஆடிய நண்பனை வெளியே வைக்க மனம் வராமல், இரண்டு தோல்விக்குப் பிறகு பொறுப்பையே விட்டுவிடுகிறார்கள்.

காலித் விடவில்லை. 2016 வரை ஏழு பருவங்கள் மும்பை எஃப்.சி.யிலேயே இருந்தார். இந்த ஏழு ஆண்டுகளில் அவருக்குப் பெரிய கோப்பை எதுவும் இல்லை. பத்திரிகைகளில் பெரிதாகப் பெயர் வந்ததும் இல்லை. கோவா, கொல்கத்தா கிளப்புகளின் பணபலத்துக்கு முன் மும்பை எஃப்.சி. சிறிய அணி. அப்போது நாட்டின் முதல்நிலைத் தொடராக இருந்த ஐ-லீக்கில் ஒவ்வோர் ஆண்டும் தங்கிவிடுவதே அதன் இலக்கு. காலித் இருந்தவரை தங்கியது. அவர் போன அடுத்த பருவத்தில், 2016-17-இல், பட்டியலில் கடைசி இடம் பிடித்துக் கீழ்நிலை லீக்குக்குத் தரமிறங்கியது. கோப்பைகளை மட்டும் எண்ணுகிறவர் கண்ணுக்கு அந்த ஏழு ஆண்டுகள் தெரியாது. இந்த ஆய்வு முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படுகிற காலம் அதுதான்.

அங்கே அவர் கற்றது என்ன என்பது பின்னாளில் அவர் அணிகள் ஆடிய விதத்திலேயே தெரிகிறது. நான்கு பேர் கொண்ட இரண்டு வரிசைகள், நடுவில் இடைவெளி குறைவு. பந்து கையை விட்டுப் போனால் பக்கவாட்டு வீரர்கள் இருவரும் ஓடி வந்து தடுப்பு வரிசைக்குத் துணை நிற்க வேண்டும். கார்னர், ஃப்ரீகிக், நீண்ட த்ரோ-இன் ஆகிய ஒவ்வொன்றும் கோல் அடிப்பதற்கான வாய்ப்பு. தலையால் முட்டித் தள்ளிய பந்து எங்கே விழும் என்று கணித்து, அங்கே முன்கூட்டியே ஒருவர் நிற்க வேண்டும். இதில் எதற்கும் விலையுயர்ந்த வீரர்கள் தேவையில்லை. ஆனால் ஒரே பதினைந்து பேரை வைத்து மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பணமில்லாத கிளப்பில் ஏழு ஆண்டு இருந்தவருக்கு இது வாழ்க்கை முறையாகவே ஆகிவிட்டது.

ஐஸ்வால், 2017

பிறகு நடந்ததை இந்தியக் கால்பந்து மறக்காது. மிசோரமின் ஐஸ்வால் எஃப்.சி. 2015-16 பருவத்தில் தரமிறங்கிய அணி. கோவா கிளப்புகள் போட்டியிலிருந்து விலகியதால் மீண்டும் ஐ-லீக்கில் சேர்க்கப்பட்டது. மும்பை எஃப்.சி. விட்ட காலித்தை அது அழைத்தது. அவர் தனியாகப் போகவில்லை. மும்பையில் தன்னிடம் வளர்ந்த அசுதோஷ் மேத்தா, ஜெயேஷ் ராணே போன்றவர்களும் அங்கே சேர்ந்தார்கள். சிரியாவின் மஹ்மூத் அல் அம்னா நடுகளத்தில் பந்தைப் பிரித்துக் கொடுத்தார். லைபீரியாவின் ஆல்ஃபிரட் ஜார்யான் அவருக்குப் பின்னால் நின்று காத்தார். மற்ற இடங்களில் உள்ளூர் மிசோ இளைஞர்கள்.

2017 ஏப்ரல் 22-ஆம் தேதி ஐஸ்வாலில் கொல்கத்தாவின் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் கடைசிக் கட்டத்தில் ஜோமிங்லியானா ரால்டே தலையால் முட்டிய ஒரே கோல் வெற்றி தந்தது. எட்டு நாள் கழித்து ஷில்லாங்கில் லஜாங் அணியுடன் கடைசி ஆட்டம். முதலில் பின்தங்கி, பிறகு வில்லியம் லால்நுன்ஃபெலாவின் கோலால் 1-1 என்று முடித்தார்கள். ஐஸ்வால் 37 புள்ளி, மோகன் பகான் 36. முந்தைய ஆண்டு தரமிறங்கிய அணி நாட்டின் சாம்பியன்.

இதில் கோவைக்கும் ஒரு பங்கு உண்டு. அதே பருவத்தில்தான் சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக்கில் நுழைந்து, வ.உ.சி. பூங்காவை ஒட்டிய நம் நேரு ஸ்டேடியத்தைத் தன் சொந்த மைதானமாக எடுத்துக்கொண்டது. கடைசி நாளில் மோகன் பகான் கொல்கத்தாவில் 2-1 என்று வென்றது இந்தச் சென்னை சிட்டியைத்தான். அந்தப் பருவத்தில் காலித்தின் ஐஸ்வாலும் நேரு ஸ்டேடியத்தில் வந்து ஆடியது. சாம்பியனாகப் போகிற அணி, நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் ஆடியிருக்கிறது.

பெரிய கிளப்புகள்

வெற்றிக்குப் பிறகு பெரிய இடங்கள் அழைத்தன. 2017-18-இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். கோவை ரசிகர்களுக்கு அந்தப் பருவத்தில் ஒரு கசப்பான நினைவு இருக்கிறது: கொல்கத்தாவில் சென்னை சிட்டியை அவர் அணி 7-1 என்று நொறுக்கியது. ஆனாலும் பருவ முடிவில் ஈஸ்ட் பெங்கால் நான்காம் இடம். சூப்பர் கோப்பை நெருங்கும்போது சுபாஷ் பௌமிக் தொழில்நுட்ப இயக்குநராக மேலே வந்தார். இறுதியாட்டத்தில் பெங்களூருவிடம் 4-1 என்று தோல்வி. 2019 ஜனவரியில் மோகன் பகான் பாதிப் பருவத்தில் அழைத்தது, ஐந்தாம் இடத்தோடு அதுவும் முடிந்தது.

இரண்டுக்கும் காரணம் ஒன்று என்று நினைக்கிறேன். பெரிய கிளப்புக்கு அவகாசம் கிடையாது. தன் சொல்லுக்கு மேல் இன்னொருவர் சொல் இருக்கிற இடத்தில், மாதக்கணக்கில் ஊட்ட வேண்டிய பழக்கங்களை ஊட்ட முடியாது. இதைப் பள்ளி அளவில் நாம் தினமும் பார்க்கிறோம். தாளாளருக்குத் தெரிந்தவர் மகன் பதினோரு பேரில் இருந்தாக வேண்டும், மண்டலப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு வெளியிலிருந்து ஒரு 'ஸ்பெஷல் கோச்' வருவார், தோற்றால் கேள்வி உடற்கல்வி ஆசிரியரிடம். பொறுப்பு ஒருவரிடமும் அதிகாரம் இன்னொருவரிடமும் இருந்தால் எந்த முறையும் வேர் பிடிக்காது.

அடுத்து அவர் செய்தது பலருக்குக் கடினம். ஐ-லீக் சாம்பியன் பயிற்சியாளர், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அணியான நார்த் ஈஸ்ட் யுனைடெட்டில் உதவி நிலைக்கு இறங்கிப் போனார். 2021 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டபோது தற்காலிகப் பொறுப்பு வந்தது. அதன்பின் லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அந்த ஆண்டே ஐ.எஸ்.எல். கிளப் ஒன்றின் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர் ஆனார். 2021-22-இல் அதே அணி பதினோரு அணிகளில் பத்தாவது. இதை மறைக்கக் கூடாது. வீரர்கள் கலைந்த பிறகு அதே முறை அதே பலனைத் தராது என்பதற்கு அவருடைய பாதையிலேயே இருக்கிற சான்று இது.

2023 டிசம்பர் கடைசியில் இன்னொரு ஐ.எஸ்.எல். அணியான ஜாம்ஷெட்பூர் அவரிடம் வந்தது. 2024-25-இல் லீக்கில் ஐந்தாம் இடம். பிளே-ஆஃப் ஆட்டத்தில் நார்த் ஈஸ்ட்டை 2-0 என்று வென்று, அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் மோகன் பகானையும் 2-1 என்று வீழ்த்தினார்கள். கொல்கத்தாவில் நடந்த மறு ஆட்டத்தில், கூடுதல் நிமிடங்களில் விழுந்த கோலால் வெளியேறினார்கள். அதே ஆண்டு சூப்பர் கோப்பை இறுதிவரை போய் கோவாவிடம் தோற்றார்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்குத்தான்.

இந்திய அணி

2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். 2012-இல் சாவியோ மெதைரா விலகிய பிறகு ஓர் இந்தியர் முழுநேரப் பொறுப்பேற்றது அப்போதுதான். அந்த மாதமே தஜிகிஸ்தானில், மத்திய ஆசியக் கால்பந்து சங்கம் நடத்துகிற காஃபா நேஷன்ஸ் கோப்பை. மோகன் பகான் தன் வீரர்களை விடுவிக்காத நிலையில் அணியைத் திரட்டினார். போட்டி நடத்துகிற தஜிகிஸ்தானையே முதல் ஆட்டத்தில் 2-1 என்று வென்றார்கள். முதல் கோல், முகம்மது உவைஸ் வீசிய நீண்ட த்ரோவில் அன்வர் அலி முட்டியது. உவைஸ் ஜாம்ஷெட்பூரில் காலித்திடம் ஆடியவர். அவர் கை எவ்வளவு தூரம் வீசும், அந்த நேரத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பது காலித்துக்கு ஏற்கெனவே பாடம். மும்பையின் ஏழு ஆண்டுகள் அந்த ஒரு த்ரோவில் வேலை செய்தன. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஓமனை பெனால்டியில் வென்றார்கள்.

அடுத்த இரண்டு மாதங்கள் வேறு கதை. அக்டோபரில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூருடன் இரண்டு ஆட்டங்கள். வெளியூரில் தடுப்பு வீரர் ஜிங்கன் சிவப்பு அட்டை பெற்றுப் பத்துப் பேரோடு ஆடியும், ரஹீம் அலியின் கடைசி நேர கோலால் 1-1. ஐந்து நாள் கழித்து கோவாவில், சாங்டேயின் கோலால் முன்னிலை பெற்றும் 1-2 என்று தோற்று, ஆசியக் கோப்பை வாய்ப்பு முடிந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1.

பலர் இதைக் காலித்தின் தோல்வி என்று எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அவருக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். முன்னிலை பெற்ற பிறகு பந்தைத் தம் காலில் வைத்து ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்க அவர் அணிகளுக்கு எப்போதும் கடினம். தஜிகிஸ்தானில் போல எதிரணி பந்தை வைத்திருக்கும்போது அவர் முறை நன்றாக வேலை செய்கிறது. டாக்காவில் போல நாம் துரத்த வேண்டியபோது, பின்னால் இறங்கி நிற்கிற அணியை உடைக்க வழி தெரியாமல் நிற்கிறது. கிளப்பில் இந்தக் குறையை வாரக்கணக்கில் பயிற்சி செய்து ஈடுகட்டலாம். தேசிய அணிக்குக் கிடைப்பது சில நாட்கள்.

நேரு ஸ்டேடியத்தில் வந்த பட்டம்

கோவைக்காரர்கள் உடனே கேட்பார்கள்: நம்மிடமும் ஒரு சாம்பியன் அணி இருந்ததே? இருந்தது. சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியில் சென்னை சிட்டி 2018-19 ஐ-லீக்கை வென்றது. 2019 மார்ச் 9-ஆம் தேதி நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் அடித்துவிட்டது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சியின் பெனால்டி, பிறகு தடுப்பு வரிசையிலிருந்து வந்து கௌரவ் போரா அடித்த இரண்டு கோல். 3-1. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டது, ஆனாலும் 43-க்கு 42 என்று ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் இங்கே வந்தது. அன்று அங்கே இருந்தவர்கள் அதை வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். பட்டத்துக்கு முந்தைய கோடையில் சூசைராஜ் மாதிரி ஒரு வீரரை ஜாம்ஷெட்பூருக்கு இழந்திருந்தும், ஸ்பானிய வீரர்களையும் தமிழ் இளைஞர்களையும் கோத்து அழகாகப் பந்து கடத்துகிற அணி ஒன்றை நவாஸ் ஒரே ஆண்டில் கட்டினார் என்பது பெரிய சாதனை.

ஆனால் பின்னால் நடந்ததையும் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த அணியின் எட்வின் வான்ஸ்பால் 'சென்னையின் எஃப்.சி.' என்கிற ஐ.எஸ்.எல். கிளப்புக்குப் போனார். மான்சி ஜப்பானுக்குப் போனார். கொரோனா வந்தது, நவாஸ் விலகினார், 2020-21 பருவம் முழுக்க மேற்கு வங்கத்தில் நடந்தது. அத்தோடு சென்னை சிட்டி ஐ-லீக்கிலிருந்து மறைந்தது. ஐஸ்வாலிலும் சாம்பியன் அணி கலைந்தது, பயிற்சியாளரும் போனார். ஆனால் ஐஸ்வால் எஃப்.சி. இன்னும் இருக்கிறது. 2012-இல் தொடங்கிய மிசோரம் பிரீமியர் லீக் அதற்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தங்கள் தெருவிலேயே பயிற்சியாளர்கள் இருப்பதால் அங்கே ஆள் தீர்வதில்லை.

கோவையில் நாம் பட்டத்தைப் பார்த்தோம், பட்டம் வாங்கிக் கொடுத்தவரின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்கிற ஏற்பாடு செய்யவில்லை. அதிகாலைப் பயிற்சியில் ஒரு மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு நம் உடற்கல்வி ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்க வேண்டிய காலம் அது.

இங்கே என்ன செய்வது

லைசென்ஸ் ஏணியைப் பற்றி முதலில். இந்தியக் கூட்டமைப்பின் ஈ, டி நிலைகள், அதற்குமேல் ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ. டி வரை பலர் ஏறிவிடுகிறார்கள். சி-க்கும் பி-க்கும் போகும்போது செலவு கூடுகிறது, விடுப்பு தேவைப்படுகிறது, அதைவிட முக்கியமாக நடுவில் ஓர் அணியைத் தொடர்ந்து பயிற்றுவித்த அனுபவம் வேண்டும். இந்த இடத்தில்தான் நம் இளைஞர்கள் நிற்கிறார்கள். ஒரு பள்ளியில் ஒரு வருடம், அகாடமி ஒன்றில் ஆறு மாதம், பிறகு கோடை முகாம், பிறகு வேறொரு பள்ளி. பொள்ளாச்சித் தோப்புக்காரர் நட்ட தென்னங்கன்றை வருடத்துக்கு ஒரு முறை பிடுங்கி வேறு குழியில் வைக்க மாட்டார். பயிற்சியாளரை மட்டும் நாம் அப்படி நடத்துகிறோம். அவர்களும் ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் இடம் மாறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வீட்டு வாடகை அப்படி.

இன்னொன்று, டர்ஃப் மைதானங்கள். அவிநாசி ரோட்டிலும் சரவணம்பட்டியிலும் இரவு பதினோரு மணிக்குக்கூட விளக்கு எரிகிறது. ஐந்து பேர், ஏழு பேர் ஆட்டத்துக்கு ஆள் குறைவில்லை. கால்பந்து பரவியிருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் சுற்றிலும் வலை கட்டிய சின்ன இடத்தில் த்ரோ-இன் எங்கே? ஆஃப்சைடு வரிசை எங்கே? அறுபது மீட்டர் பின்னோக்கி ஓடி வந்து தடுப்புக்குத் துணை நிற்கிற வேலை எங்கே? காலித் தன் வாழ்க்கையையே கட்டிய எல்லாக் கருவிகளும் பெரிய மைதானத்தில்தான் உருவாகின்றன. டர்ஃபில் வளர்ந்த பையனுக்குப் பந்துக் கட்டுப்பாடு அருமையாக இருக்கும். பதினோரு பேர் ஆட்டத்தில் நிறுத்தினால், பந்து இல்லாத நேரத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் திணறுவான். ஆகவே பள்ளி மைதானம் செம்மண்ணாக இருந்தாலும் முழு அளவில் வாரம் இரண்டு நாள் வேண்டும்.

கொங்கு மாவட்டங்களில் ஆட்டத்தை இப்போதுதான் நிறுத்திய வீரர்களில் இரண்டு பேரைத் தேர்ந்து, ஆளுக்கொரு பதினைந்து வயது அணியை மூன்று ஆண்டுகளுக்குக் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. மூன்று ஆண்டும் அதே பையன்கள், அதே மைதானம். முதல் ஆண்டு தோற்றால் மாற்றக் கூடாது. அணித் தேர்வில் தாளாளர், பெற்றோர், நான் உட்பட யாரும் தலையிடக் கூடாது. மூத்த பயிற்சியாளர் ஒருவர் மாதம் ஒரு முறை வந்து ஒரு ஆட்டத்தை முழுதாகப் பார்த்துவிட்டு அந்த இளம் பயிற்சியாளரோடு மட்டும் பேச வேண்டும், பையன்கள் முன்னிலையில் பேசக் கூடாது. இரண்டாம் ஆண்டு சி, அடுத்து பி லைசென்ஸுக்கான கட்டணத்தை அணியின் செலவுக் கணக்கிலேயே முதலிலிருந்து எழுதிவைக்க வேண்டும். கடைசியில் மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்று விட்டால் ஒருபோதும் மிஞ்சாது.

இதற்கு இடம் தருவதாக இரண்டு பள்ளிகள் பேசியிருக்கின்றன, பையன்களும் இருக்கிறார்கள். மாதச் சம்பளம்தான் இன்னும் முடிவாகவில்லை. பனியன் கம்பெனி ஷிப்டில் ஒரு இளைஞனுக்குக் கிடைப்பதைவிட ஒரு ரூபாய் குறைந்தாலும் அவன் மூன்றாம் மாதமே போய்விடுவான் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். திருப்பூரில் தொழில் செய்கிற பழைய வீரர்கள் சிலர் பாதியை ஏற்பதாகச் சொல்கிறார்கள். மீதிப் பாதிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.